மலிவாகக் கிடைக்கச் செயற்கையாகத் தயாரிக்கும் தடுப்பூசியைக் கைக்குழந்தைக்கு நம்பிப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். முதல் குழந்தையாக இருக்கும், வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அண்ணனுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. 2009ல் அவன் மகனுக்கு எட்டு மாதம். காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனோம், அன்று ராத்திரியே வலிப்பு. முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, ஹிப் என்ற பாக்டீரியாக் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல் என்றார்கள். உயிர் பிழைத்தான். காது போய்விட்டது. ஹிப் தடுப்பூசி அப்போதே இருந்தது, ஆனால் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்தால்தான். எல்லாத் தவணைக்கும் சேர்த்தால் அண்ணனின் ஒரு வாரக் கூலி போதாது. தமிழ்நாட்டில் பென்டாவேலன்ட் என்ற, ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியில் சேர்த்து அதை இலவசமாகப் போட ஆரம்பித்தது 2011 டிசம்பரில்.

அதனால்தான் கியூபாக்காரர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஹிப் கிருமியின் மேலுறை ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி. வழக்கமாகக் கிருமியை வளர்த்துத்தான் அதைப் பிரித்தெடுப்பார்கள். ஹவானா பல்கலைக்கழகத்தில் விசென்டே வெரெஸ் பென்கோமோவின் குழு, கிருமியே இல்லாமல் ரசாயன முறையில் அந்தச் சங்கிலியைக் கட்டி, டெட்டனஸ் புரதத்தோடு இணைத்தது. புரதம் சேராத வெறும் சர்க்கரைக்குப் பச்சைக் குழந்தையின் உடலில் எதிர்ப்பு சரியாக உண்டாகாது. 2004ல் அந்த ஆய்வு 'சயன்ஸ்' இதழில் வந்தது. தங்கள் நாட்டுக் குழந்தைகளுக்கே போட்டார்கள். விலையைக் குறைக்கத்தான் இந்த வழி. வீரியத்தைக் குறைக்க இல்லை.

மருந்துக் கம்பெனி ஆள் என்று யாராவது கமென்ட் போடுவார்கள். நான் கெமிஸ்ட்ரி படித்தவள், அந்தப் பையனுக்கு அத்தை, அவ்வளவுதான். நம் ஊர்ப் பென்டாவேலன்டில் இருப்பது கிருமியிலிருந்து எடுத்த சர்க்கரை என்பதும் தெரியும். எந்த வழியில் செய்தாலும் குழந்தையின் உடல் அடையாளம் கண்டுகொள்ள வேண்டியது அதே உறையைத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காது கேட்காத பிள்ளையை, உயரமாக இருக்கிறான் என்று பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டீச்சர் உதட்டைப் பார்த்துத்தான் அவன் பாடம் படிக்க முடியும். எத்தனை முறை போய்ச் சொன்னாலும் "பார்க்கலாம்மா" என்பதுதான் பதில். இன்றும் ஆறவில்லை.

உங்கள் குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட். 6, 14 வாரங்களில் அதோடு நிமோனியா ஊசியும் போடுவார்கள், அதுவும் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி நாள், அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். அன்று ராத்திரி காய்ச்சல் அடித்தால் சிஸ்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். அதற்குப் பயந்து அடுத்த தவணையை விட்டுவிடாதீர்கள்.