அசல் அழிந்துவிட்டது, ஸ்கேன் மட்டுமே இருக்கிறது: செல்லுமா?

கேள்வி: வீட்டு ஆவணங்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து ஹார்டு டிஸ்க்கில் சேமித்திருந்தேன். அசல்கள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் கூழாகிவிட்டன. பின்னர் ஹார்டு டிஸ்க்கும் பழுதானதால், கடையில் கொடுத்துக் கோப்புகளை மீட்டேன். ஆனால் கோப்புகளின் தேதிகள் மாறியிருக்கின்றன. வீட்டின் கிரயப் பத்திரமும், இரண்டரை ஆண்டுகளுக்கு முன் நண்பர் எனக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டும் அவற்றில் உள்ளன. இந்த ஸ்கேன்களை நீதிமன்றம் ஏற்குமா?

பதில்: கிரயப் பத்திரத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அது பதிவு செய்யப்பட்ட ஆவணம் என்பதால் அதன் வாசகம் சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவேட்டிலேயே இருக்கிறது. பதிவுச் சட்டம், 1908-இன் 57-ஆம் பிரிவின்படி அங்கே பெறும் சான்றிட்ட நகல், அசலின் உள்ளடக்கத்தை நிரூபிக்க ஏற்கத்தக்கது. உங்கள் ஸ்கேன் இங்கே பயன்படுவது, ஆவண எண்ணையும் ஆண்டையும் தேடாமல் எடுத்துக் கொடுப்பதற்கு மட்டுமே.

உண்மையான சிக்கல் புரோநோட்டில்தான் இருக்கிறது, ஏனெனில் அதற்கு வேறெங்கும் நகல் கிடையாது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின்படி, காகித ஆவணத்தின் ஸ்கேன் இரண்டு தடைகளைத் தாண்டியாக வேண்டும். முதலாவது 60-ஆம் பிரிவு: அசல் தொலைந்தது அல்லது அழிந்தது என்பதை நீங்கள் நிறுவினால்தான் நகலை இரண்டாம் நிலைச் சாட்சியமாக முன்வைக்க முடியும். ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைவிட, அசல் எப்படிப் போனது என்பதைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்பார். எனவே அந்தக் கூழைக்கூட எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து, தண்ணீர் புகுந்த நாளையும் அதைக் கண்டவர்களின் பெயர்களையும் இப்போதே எழுதி வையுங்கள். ஸ்கேன் செய்தாகிவிட்டதே என்று அசலைத் தாமே கிழித்துப் போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த முதல் தடையே பெரும்பாடாகிவிடுகிறது.

இரண்டாவது 63-ஆம் பிரிவு. மின்னணுப் பதிவை நகலாகத் தாக்கல் செய்யும்போது சட்டத்தின் அட்டவணையில் உள்ள படிவத்தில் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதன் ஒரு பகுதியைத் தரப்பினரும் மற்றொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கோப்பு சற்றே மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறிப்பிட வேண்டும். பழைய சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உறுதி செய்ததால், இதைச் சடங்காக எண்ணிவிடக் கூடாது. மீட்பின்போது தேதிகள் மாறியது மட்டுமே உங்கள் வழக்கைக் கெடுத்துவிடாது, ஆனால் அதற்கான விளக்கம் கையில் இருக்க வேண்டும். பழுதான ஹார்டு டிஸ்க்கைப் பத்திரமாக வையுங்கள். என்ன பழுது, எந்த நாளில், எந்த முறையில் மீட்கப்பட்டது என்று மீட்டவரிடம் எழுத்தில் பெறுங்கள். மீட்ட கோப்புகளைத் திருத்தவோ, சாய்வை நேராக்கவோ, வேறு வடிவத்தில் சேமிக்கவோ செய்யாமல், ஹாஷ் மதிப்பை இப்போதே கணக்கிட்டுக் குறித்து வைத்துவிட்டு, பார்ப்பதற்குப் பிரதிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

இத்துடன், ஸ்கேனில் வருவாய் முத்திரை வில்லை ஒட்டப்பட்டு அதன் மேல் கையெழுத்து ஓடியிருப்பது தெரிகிறதா என்று பாருங்கள். முத்திரையற்ற புரோநோட்டை இந்திய முத்திரைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு சாட்சியமாக ஏற்க விடாது. பிற ஆவணங்களுக்கு உள்ளதுபோல அபராதம் கட்டிச் சரிசெய்யும் வாய்ப்பும் அதற்கில்லை.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது காலவரையறை. கேட்டவுடன் செலுத்த வேண்டிய புரோநோட்டாக இருந்தால், எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். உங்களுக்கு ஆறு மாதமே மீதமிருக்கிறது. நண்பருடன் இன்னும் நல்லுறவு இருக்குமானால், அசல் அழிந்ததை மறைக்காமல் சொல்லி, தொகையையும் பழைய புரோநோட்டின் தேதியையும் குறிப்பிட்டு, கடன் பாக்கியிருப்பதை ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்றை அவர் கையெழுத்துடன் பெறுங்கள். காலவரையறை முடிவதற்குள் பெற்றால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். ஸ்கேனை மட்டுமே நம்பி நிற்க வேண்டிய நிலையும் பெருமளவு நீங்கும். அவர் மறுத்தால், மறுத்த நாளிலேயே வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிவிட்டு, கெடு முடியுமுன் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.