மாதக் கடைசியும் அலமாரி டப்பாக்களும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மாதத்தின் கடைசிப் பத்து நாள் வந்தால் கையில் காசு இருப்பதில்லை. அலமாரியைத் திறந்தால் அரிசி, அரை பாக்கெட் கொண்டைக்கடலை, மைசூர் பருப்பு, கொஞ்சம் பாஸ்தா, ஒரு டின் தக்காளி, ஓட்ஸ் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இதை வைத்து ஒரு சாப்பாடு தேறும் என்றே தோன்றுவதில்லை. கடைசியில் கடன் வாங்கியாவது கடைக்குப் போய்விடுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலிலேயே பல வேளைச் சாப்பாடு இருக்கிறது. முதல் வேலையாக அலமாரியில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசைமேல் பரப்புங்கள். பின்வரிசையில் தள்ளப்பட்டு, ரப்பர் பேண்ட் போட்டு மறந்துபோன பாக்கெட்டுகள் அப்போதுதான் கண்ணில் படும். எது எவ்வளவு இருக்கிறது என்று தோராயமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். வயிற்றை நிரப்புவது: அரிசி, பாஸ்தா, ஓட்ஸ், மாவு. புரதம் தருவது: பருப்பு, பயறு, கடலை, டின் மீன், முட்டை. ருசி தருவது: வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய், எலுமிச்சை, வினிகர், மசாலா. ஒரு வேளைக்கு மூன்றிலிருந்தும் ஒன்று கிடைத்தால் சாப்பாடு தயார். பெரும்பாலும் காலியாக இருப்பது மூன்றாவது வரிசைதான். அரிசியும் பருப்பும் இருந்தும் ‘ஒன்றுமே இல்லை’ என்று தோன்றுவதற்கு அதுதான் காரணம். அதனால் கையில் இருக்கும் கொஞ்சக் காசை வெங்காயம், பூண்டு, எலுமிச்சைக்குச் செலவிடுங்கள். அரிசியோ பாஸ்தாவோ இன்னொரு பாக்கெட் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

உங்களிடம் உள்ள மைசூர் பருப்பையே எடுத்துக்கொள்வோம். இதை ஊறவைக்க வேண்டாம், கேஸும் அதிகம் செலவாகாது. ஒரு கப் பருப்பைக் கழுவி, மூன்று கப் தண்ணீர் விட்டு மூடி வைத்தால் 20 நிமிடம் போல வெந்து குழைந்துவிடும். வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, எண்ணெயில் அவசரப்படாமல் ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். பூண்டையும் மிளகாயையும் அதிலேயே புரட்டிப் பருப்பில் கொட்டினால் அன்றைக்குச் சோற்றுக்கு ஆயிற்று. பாதியை எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் டின் தக்காளியைச் சுண்டவைத்து அந்தப் பருப்பைச் சேர்த்தால் கெட்டியான பாஸ்தா சாஸ் கிடைக்கும். கொத்திய இறைச்சி இல்லாத குறை தெரியாது. அதிலும் மிஞ்சினால் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டு, எலுமிச்சை பிழிந்து சூப்பாகக் குடிக்கலாம்.

சத்து குறையுமோ என்று கவலை வேண்டாம். புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னக் கூறுகளால் ஆனது. அவற்றில் தானியத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் அதே நாளில் சாப்பிட்டால் போதும், ஒரே தட்டில் வேண்டும் என்றில்லை. பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேர எலுமிச்சையும் தக்காளியும் உதவும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் அது குறையும். கொஞ்சம் இடைவெளி விட்டுக் குடியுங்கள்.

கேள்வி: டின்னில் வரும் வெந்த கொண்டைக்கடலை லாபமா, உலர்ந்த கடலையா? டின் மலிவாகத் தெரிகிறதே.

பதில்: டின்மேல் இரண்டு எடை போட்டிருக்கும், இரண்டையும் பாருங்கள். 400 கிராம் டின்னில் நீரை வடித்தபின் கடலை சுமார் 240 கிராம்தான் இருக்கும். 100 கிராம் உலர்ந்த கடலையை ஊறவைத்து வேகவைத்தால் கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்கும். ஆகவே ஒரு டின்னின் விலையை 100 கிராம் உலர்ந்த கடலையின் விலையோடு ஒப்பிடுங்கள். அநேகமாக எல்லா இடத்திலும் உலர்ந்ததுதான் ஜெயிக்கும்.

எரிபொருள் செலவும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஒரு கைப்பிடி கடலைக்காக அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். ஒரே தடவையில் நிறைய ஊறவைத்து, பிரஷர் குக்கரில் வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃபிரீசரில் போடுங்கள். தக்காளி, எலுமிச்சை மாதிரிப் புளிப்புகளைக் கடலை மெத்தென்று ஆன பிறகே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் வேக வெகு நேரம் பிடிக்கும். நாள்பட்ட கடலை எவ்வளவு வெந்தாலும் கல்லாகவே இருந்தால், ஊறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுப் பாருங்கள்.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சு இருக்கிறது. சரியாக வேகாத சில விதைகளே கடும் வாந்தியை வரவழைக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அரைமணி நேரம் என்றால் இன்னும் நல்லது. அப்புறம் மெத்தென்று ஆகும்வரை வேகவையுங்கள். மெதுவாகச் சூடாகும் ஸ்லோ குக்கரில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடவே போடாதீர்கள், அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது. டின் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதில் இந்தப் பயம் இல்லை. அதை வடிகட்டி அலசினால் உப்பும் கணிசமாகக் குறையும்.

கேள்வி: பாக்கெட்டில் தேதி தாண்டிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: என்ன தேதி என்று படியுங்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் அதுவரை ருசியும் மணமும் நன்றாக இருக்கும் என்று பொருள். காய்ந்த நிலையில் காற்றுப் புகாமல் வைத்த வெள்ளை அரிசி, பருப்பு, பாஸ்தா அதைத் தாண்டியும் நன்றாகவே இருக்கும். ‘யூஸ் பை’ என்பது பாதுகாப்புக்கான தேதி, அதை மீறக் கூடாது. கைக்குத்தல் அரிசியும் முழு கோதுமை மாவும் எண்ணெய்ச் சத்து உள்ளவை, சீக்கிரம் சிக்கெடுக்கும், முகர்ந்தாலே தெரிந்துவிடும். டின் உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, மூட்டில் நசுங்கியிருந்தாலோ ருசிகூடப் பார்க்காமல் எறியுங்கள்.

கேள்வி: பெரிய பையாக வாங்கினால் மிச்சம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பல சமயம் உண்மை, எப்போதும் இல்லை. பையின் விலையை விட்டுவிட்டு 100 கிராமுக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். அப்படிப் பார்த்தால் பெரிய பை, சின்னப் பையைவிட விலை கூடுதலாக இருப்பதும் உண்டு. பழைய விலையிலேயே எடையைக் குறைத்து விற்பதும் நடக்கிறது, அதனால் நிகர எடையைப் பார்க்காமல் கூடையில் போடாதீர்கள்.

ஐந்து கிலோ மாவு வாங்கி ஒரு கிலோ பூச்சி பிடித்துப் போனால், கொடுத்த பணத்தை நாலால் வகுத்தால்தான் உண்மையான விலை வரும். என் எண்ணத்தில், சிக்கன வீட்டில் பார்க்க வேண்டிய ஒரே விலை அதுதான்: வாயில் போன உணவின் விலை. வெள்ளை அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரையைப் பெரிதாக வாங்கலாம். மசாலாப் பொடி, கொட்டைகள், முழு கோதுமை மாவு சின்னதாகவே இருக்கட்டும். பூச்சி பயம் இருந்தால், வாங்கி வந்ததும் நான்கு நாள் ஃபிரீசரில் வைத்துவிட்டு டப்பாவில் கொட்டுங்கள், முட்டைகளும் செத்துவிடும். பெரிய பைக்காகக் கடன் அட்டையை நீட்ட வேண்டாம், வட்டி அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

கேள்வி: மிஞ்சின சோற்றைக் கொட்ட மனம் வரவில்லை. எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: ஒரு நாள், அதுவும் ஃபிரிட்ஜில். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. அதனால் மிஞ்சும் என்று தெரிந்த உடனேயே, ஒரு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஆவி பறக்கச் சூடுபண்ணி, ஒரே தடவையில் சாப்பிட்டு முடியுங்கள். இரவு முழுக்க அடுப்படியில் கிடந்த சோறு வேண்டாம், எத்தனை கஷ்டமாக இருந்தாலும்.