வணிகக் கொள்கையை வகுக்க அதிகாரிகள் மட்டும் போதுமா?

அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தாலே வளரும் நாடுகளின் வணிகக் கொள்கைத் திறன் உயர்ந்துவிடாதா, தொழில் செய்பவர்களை ஏன் அழைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி தேவைதான், ஆனால் பாதி விவரம் தோல் பதனிடும் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் இருக்கிறது.

தோலுக்கும் துணிக்கும் நிறமேற்றும் அசோ சாயங்களில், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமின் என்னும் வேதிப்பொருள்களை வெளியிடும் சிலவற்றுக்கு ஜெர்மனி 1994இல் தடை விதித்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அமின்களுக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைக்காரர் சாய மூட்டையின் மேலுள்ள பெயரை மட்டுமே பார்த்து வாங்குபவர். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைச் சோதனைச் சீட்டுதான் சொல்லும், அந்தச் செலவும் அவர் தலையில்தான் விழும்.

1995 முதல் நடப்பிலுள்ள உலக வணிக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தப்படி (பொருள்களின் தரம் பற்றிய விதிகள் வணிகத்துக்குத் தேவையற்ற தடையாகாமல் பார்ப்பது இது), இத்தகைய விதியின் வரைவைப் பிற நாடுகளுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்; கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் அவகாசம் பரிந்துரைக்கப்படுகிறது. அந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் டில்லியிலேயே தங்கிவிட்டால், மாற்றுச் சாயத்தின் விலையும் மாறுவதற்குத் தேவையான காலமும் தெரிந்தவர் வாய் திறப்பதற்குள் கெடு முடிந்துவிடும்.

பங்கேற்பு என்றால் ஏற்றுமதியாளர் சங்கம் மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோல் ஆலைக் கழிவால் பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த மனுவின் பேரில்தான். ஷூ கம்பெனியில் மேற்பாகம் தைக்கும் பெண்களுக்கும் அந்த மேசையில் நாற்காலி வேண்டும்.