நாட்ஸ் பெரி ஃபார்ம்: எந்த ஆண்டைப் போடுவது?

கல்லூரிக் கட்டுரைக்கு, அமெரிக்காவின் கேளிக்கைப் பூங்காவான நாட்ஸ் பெரி ஃபார்ம் தொடங்கிய ஆண்டு 1920, 1940, 1968 என மாறி மாறிக் கிடைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றுமே சரிதான், ஆனால் மூன்றும் வேறு வேறு விஷயங்கள்.

1920இல் வால்டர் நாட் கலிபோர்னியாவின் புவேனா பார்க்கில் பெர்ரி பயிரிட வந்தார். 1934இல் மனைவி கார்டீலியா தன் கல்யாணப் பீங்கான் தட்டுகளிலேயே பொரித்த கோழிச் சாப்பாடு பரிமாறினார், விலை 65 சென்ட். இதை விட்டுவிடாதீர்கள், பூங்காவுக்கு வேரே இதுதான். கூட்டம் மணிக்கணக்கில் காத்துக் கிடந்ததால், அவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று 1940இல் 'பேய் நகரம்' (Ghost Town, ஆளில்லாமல் கைவிடப்பட்ட பழைய ஊர் மாதிரியான அமைப்பு) கட்ட ஆரம்பித்தார் வால்டர். 1968 என்பது வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வைத்த ஆண்டு. அப்புறம் 1997இல் கேளிக்கைப் பூங்காக்கள் நடத்தும் சீடர் ஃபேர் நிறுவனம் இதை வாங்கியது.

பண்ணையின் வரலாறு என்றால் 1920, பூங்கா என்றால் 1940 போடுங்கள்.