தலைப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

அம்மா, உங்கள் மகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பி.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகிறாள், அடுத்து ஹானர்ஸில், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய நான்காம் ஆண்டில், "உலோக ஆக்சைடின் மேல் தானாக அடுக்கிக்கொள்ளும் மூலக்கூறுப் படலம்" என்று ஏதோ சொல்கிறாள், உங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் எல்லோரும் பார்மசி படித்திருக்கலாமே என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தலைப்பைப் போட்டு எந்தக் கம்பெனியும் ஆள் தேடாது, உண்மைதான். ஆனால் அவள் கற்கப்போகும் வேலை தலைப்பில் இல்லை.

அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படிந்திருக்கும். ஆக்டடெசில் பாஸ்போனிக் அமிலம் கலந்த கரைசலில் அதை முக்கினால், மூலக்கூறுகள் தலைப்பக்கத்தால் ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு, வாலை மேலே நீட்டி, கரும்புத் தோட்டம் போல நெருங்கி நிற்கும். படலத்தின் தடிமன் சுமார் 2 நானோமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் மட்டும் ஒட்டாமல் உருண்டு ஓடும். வால்கள் ஒழுங்காக நிற்கின்றனவா என்பதை அகச்சிவப்பு நிறமாலை, அதாவது படலம் எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கிராஃப், சொல்லும். அதன் உச்சி 2918 அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்ற கணக்கு) அருகில் வந்தால் வரிசை நேர்த்தி. 2924, 2926 என்று ஏறினால் குலைந்திருக்கிறது. இந்தச் சின்ன நகர்வைப் பார்த்து, குறை உலோகத்தைக் கழுவியதிலா, முக்கிய கரைசலிலா என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். பெயின்ட், பிளாஸ்டிக், எண்ணெய், துரு என்று எதைச் சோதிக்கும் ஆய்வகத்திலும் அதற்கு மதிப்புண்டு. டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே துறைமுக நகரில் அலுமினிய உருக்காலையும் டைட்டேனியக் கனிமமும் இருப்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அதனால் வழிகாட்டும் பேராசிரியரிடம் மகள் ஒன்றை மறக்காமல் கேட்க வேண்டும்: கருவியை அவளே இயக்குவாளா, இல்லை மாதிரியைக் கொடுத்துவிட்டு கிராஃப் மட்டும் வாங்கிவருவாளா? இரண்டாவது என்றால், நான் வேறு குழுவைத்தான் பார்க்கச் சொல்வேன், பேராசிரியர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

ஹானர்ஸை மட்டும் விடவேண்டாம். விஞ்ஞானிகளைப் பதிவுசெய்யும் தென்னாப்பிரிக்க அமைப்பான சாக்னாஸ்ப்பில் தொழில்முறை விஞ்ஞானியாகப் பதிய மூன்றாண்டு பட்டம் போதாது. நான்காம் ஆண்டும், அப்புறம் வேலை அனுபவமும் வேண்டும். செலவுக்கு என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பின் உதவித்தொகை உண்டு, மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் தருவார்கள். அந்த விண்ணப்பத்துக்குப் பல்கலைக்கழகம் தன் கடைசித் தேதியை என்.ஆர்.எஃப். தேதிக்கு முன்னாலேயே வைத்துவிடும், அதை இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள். பிஎச்.டி. பேச்சு இப்போது வேண்டாம். வேலை கிடைக்கவில்லையே என்று அதில் சேர்பவர்களை நான் ஊக்குவிப்பதில்லை.