அமெரிக்கத் தெற்கில் வேலைப் பயணம், சாப்பாட்டுக்கு எங்கே போவது? கேள்வி பதில்

கார் உதிரிபாக ஆலைகளில் தரத் தணிக்கை என் வேலை. அலபாமா, டென்னசி, இரண்டு கரோலினாக்கள், டெக்சாஸ் என்று வாடகைக் காரில் சுற்றுகிறவள். ஆடம்பரம் இல்லாத உள்ளூர்ச் சாப்பாடு, பார்பிக்யூ (விறகுப் புகையில் மெதுவாக வெந்த கறி) பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி: அக்கா, அடுத்த வாரம் மான்ட்கோமரி பக்கம் ஓர் ஆலைக்குப் போகிறேன். தங்கும் ஓட்டலைச் சுற்றி எல்லாம் நாடு முழுக்க இருக்கும் அதே கடைகள்தான். ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஓட்டல் வரவேற்பில் கேட்காதீர்கள். அவர்கள் விருந்தாளிக்கு ஏற்ற கடையைத்தான் காட்டுவார்கள். ஆலை வாசலில் இருக்கும் காவலரிடமோ ஃபோர்க்லிஃப்ட் (சரக்கு தூக்கும் வண்டி) ஓட்டுகிறவரிடமோ கேளுங்கள். அதுவும் "நல்ல கடை எது?" என்று கேட்காமல், "நேற்று மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

அவர்கள் சொல்வது பெரும்பாலும் 'மீட் அண்ட் த்ரீ' கடையாக இருக்கும். ஒரு கறி, மூன்று பதார்த்தம், ஒரு துண்டு கார்ன்பிரெட் (மக்காச்சோள மாவு ரொட்டி) அல்லது பிஸ்கட் (நம் ஊர் பிஸ்கட் இல்லை, மெத்தென்ற சிறு ரொட்டி). நம் ஊர் மெஸ் மாதிரிதான்: தட்டை நகர்த்திக்கொண்டே போக வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அம்மா அள்ளி வைப்பார். கிழமைக்கு ஒரு கறி இருக்கும். திங்கள் மீட்லோஃப் (கொத்துக்கறியைக் கட்டியாகச் சுட்டது) என்றால் வியாழன் கோழிக்கறியும் டம்ப்ளிங்கும் (வெந்த மாவுத் துண்டுகள்). பதார்த்தங்களில் வறுத்த வெண்டைக்காய், தட்டைப்பயறு, கொலார்டு கீரை எல்லாம் உண்டு. வெண்டைக்காயும் தட்டைப்பயறும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு இங்கே வந்தவை. பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனியும் காய்கறிப் பட்டியலில்தான் நிற்கும். யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

முக்கியமானது: மதியம் போங்கள். பல கடைகள் இரண்டு, மூன்று மணிக்கு மூடிவிடும். கூட்டம் முடிந்து ஏழு மணிக்குப் பசியோடு போய்க் கதவைத் தட்டுவது வெளியூர்க்காரர்கள் மட்டும்தான்.

பார்பிக்யூ கடை என்றால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். விறகு அடுக்கியிருக்கிறதா? பாதி காலியான அடுக்கா? அடுக்கு அழகாக, சிலந்தி வலையோடு நின்றால் அது அலங்காரம். உள்ளே கேஸ் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: நான் சைவம். பட்டினிதானா?

பதில்: இல்லை. அதே கடைகளில் 'வெஜிடபிள் பிளேட்' என்று கேட்டால் கறி இல்லாமல் நான்கு பதார்த்தம் தருவார்கள். ஆனால் கீரை பன்றிக் கணுக்காலோடு வெந்திருக்கும், பீன்ஸில் பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி) இருக்கும், கார்ன்பிரெட்டிலும் பிஸ்கட்டிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். "இதில் கறி இருக்கிறதா?" என்று கேட்டால் மனசாட்சியோடு "இல்லை" என்பார்கள். வாசனைக்குப் போட்டதை அவர்கள் கறியில் சேர்ப்பதில்லை. ஹாம் (பன்றித் தொடை), பேக்கன், லார்டு (பன்றிக் கொழுப்பு) என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெண்டைக்காய் பொரித்த எண்ணெயில் வேறு என்ன பொரிந்தது என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: மாடும் பன்றியும் வேண்டாம். பார்பிக்யூ கடையில் எனக்கு என்ன இருக்கிறது?

பதில்: கென்டக்கியில் ஓவன்ஸ்போரோவுக்குப் போங்கள். அந்த ஊரில் பார்பிக்யூ என்றாலே செம்மறி ஆட்டுக்கறி. வளர்ந்த ஆடு, ஹிக்கரி விறகுப் புகை, கூடவே கறுப்பாக ஒரு புளிப்புச் சாறு. பக்கத்தில் 'பர்கூ' என்று ஒரு குழம்பு வைப்பார்கள். அதில் பல கறி கலந்திருக்கும், உங்களுக்கு வேண்டாம்.

இல்லையென்றால் வடக்கு அலபாமாவில் டிகேட்டர். பிக் பாப் கிப்சன் 1925இல் தொடங்கிய கடை இன்னும் இருக்கிறது. புகையில் வெந்த கோழியை மயோனைஸ், வினிகர், மிளகுத்தூள் கலந்த வெள்ளைச் சாஸில் அப்படியே முக்கி எடுப்பார்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும். காய்ந்துபோகாத கோழி நெஞ்சுக்கறியை வேறெங்கே சாப்பிட்டீர்கள் என்று அப்புறம் சொல்லுங்கள். டெக்சாஸ் என்றால் வான்கோழி.

கேள்வி: ஹலால்?

பதில்: ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் ஹலால் பார்பிக்யூ கடைகளே இருக்கின்றன. மற்ற கடைகளில் கத்தியும் வெட்டுப்பலகையும் பொது.

கேள்வி: பிரிஸ்கெட் வாங்கினேன், ஓரமெல்லாம் ரோஸ் நிறம். வேகவில்லையா? பயந்து தூக்கிப் போட்டுவிட்டேன்.

பதில்: ஐயோ! வெந்ததற்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. விறகுப் புகையிலுள்ள வாயுக்கள் கறிக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்தச் சிவப்பை நிலைநிறுத்திவிடுகின்றன. பிரிஸ்கெட் மாட்டின் நெஞ்சுப் பகுதி, நாரும் சவ்வும் நிறைந்தது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் கிடந்து, உள்ளே ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸ் ஆகி, சவ்வு கரைந்தால்தான் மெத்தென்று வரும். உலகத்திலேயே அதிகம் வெந்த கறிகளில் ஒன்றைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை அரை பவுண்டு, கொழுப்புள்ள பக்கமாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (வட கரோலினாவின் ராலேயிலிருந்து ஒருவர்): டெக்சாஸில் மாட்டைப் புகை போட்டுவிட்டுப் பார்பிக்யூ என்கிறார்கள். பன்றி, வினிகர், மிளகாய். கதை முடிந்தது. சரிதானே அக்கா?

டல்லாஸ்காரர் ஒருவர் குறுக்கிட்டு: வினிகர் ஊற்றினால்தான் இறங்கும் என்றால் குறை கறியில் இருக்கிறது, சார்.

பதில்: ராலே சாருக்கு முதலில். உங்கள் மாநிலமே ஒன்றாக இல்லையே? கிழக்கில் முழுப்பன்றி, வினிகரும் மிளகாயும் மட்டும். மேற்கே லெக்சிங்டனில் தோள்பட்டைக் கறி மட்டும், சாஸில் கொஞ்சம் கெச்சப்பும் சேர்ப்பார்கள். கிழக்கத்தியர் காதைப் பொத்திக்கொள்வார்கள். எல்லை தாண்டித் தென் கரோலினா போனால் கடுகுச் சாஸ்.

டல்லாஸ் சாருக்கு: வினிகர் குறையை மறைக்க அல்ல. வட கரோலினாவின் கிழக்கே ஏய்டனில் ஸ்கைலைட் இன் என்று 1947இலிருந்து இருக்கும் கடைக்குப் போய்ப் பாருங்கள். கூரைமேல் நாடாளுமன்றக் கட்டடம் போல ஒரு குவிமாடம். உள்ளே இரண்டு கத்திகளால் முழுப்பன்றியைக் கொத்திக்கொண்டே இருப்பார்கள். தொடை, தோள், வயிறு, மொறுமொறுவென்ற தோல் எல்லாம் ஒன்றாகக் கொத்துப்படும். கொழுப்பும் கொழுப்பில்லாததும் கலந்த அந்தக் குவியலுக்கு உறைப்பும் புளிப்பும் தேவை. காகிதத் தட்டில் கறி, மேலே தட்டையான கார்ன்பிரெட், அதற்கு மேலே கோல்ஸ்லா (நறுக்கிய முட்டைக்கோஸ் சாலட்). அவ்வளவுதான்.

டெக்சாஸ் நடுப்பகுதியின் கதை வேறு. ஜெர்மன், செக் கசாப்புக்காரர்கள் விற்காத கறியைப் புகை போட்டு, எடைக்கு எடை, கசாப்புக் காகிதத்தில் விற்றார்கள். லாக்ஹார்ட்டில் 1900இல் தொடங்கிய க்ரூட்ஸ் மார்க்கெட் நெடுங்காலம் சாஸும் தரவில்லை, முட்கரண்டியும் தரவில்லை. அங்கே சாஸ் கேட்பது கறியைப் பார்த்து முகம் சுளிப்பது.

இரண்டு பேருமே சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தெற்கில் ராத்திரி முழுக்கத் தணல் அள்ளிப்போட்டுக் கறி வேகும் குழியருகே நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினச் சமையல்காரர்கள். கடைப்பலகையில் வேறொருவர் பெயர் இருக்கும். சாஸ் சண்டையில் அது காணாமல் போகிறது.

ராலேக்காரர்: லெக்சிங்டனைப் பார்பிக்யூ கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

டல்லாஸ்காரர்: பார்த்தீர்களா, வீட்டுக்குள்ளேயே அடி.

பதில்: ஒரு உபகாரம்: லெக்சிங்டன் என்ற ஊர் வட கரோலினாவிலும் உண்டு, கென்டக்கியிலும் உண்டு, டெக்சாஸிலும் உண்டு. மூன்றிலும் வேறு சாப்பாடு. ஜிபிஎஸ்ஸில் மாநிலம் சேர்த்துப் போடுங்கள். டெக்சாஸ் லெக்சிங்டனில் ஸ்னோஸ் கடை சனிக்கிழமை மட்டும்தான், காலை எட்டு மணிக்குத் திறக்கும். வெள்ளியன்று வேலை முடிகிறவர்களுக்குக் கொடுப்பினை.

கேள்வி: அட்லாண்டாவில் சிறந்த கடை எது?

பதில்: முதல் பதில். ஃபோர்க்லிஃப்ட்.

கேள்வி: நாஷ்வில்லில் சிறந்த கடை எது?

பதில்: மறுபடியுமா? முதல் பதில். மதியம்.

கேள்வி: நாஷ்வில் ஹாட் சிக்கன்? நாம்தான் காரம் தின்கிறவர்கள் ஆயிற்றே, அதிகபட்சக் காரமே கேட்கலாமா?

பதில்: நடுத்தரம் கேளுங்கள். இது குழம்பில் கரைந்த காரம் இல்லை. பொரித்த கோழிமேல் கயேன் மிளகாயைச் சூடான கொழுப்பில் குழைத்துப் பூசியது. மறுநாள் காலை தணிக்கை இருந்தால் மிதமே போதும். பழைய முறைப்படி அந்தக் கொழுப்பும் பன்றிக் கொழுப்புதான். கேளுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

கேள்வி: விமானம் தாமதம், ராத்திரி பதினொன்றுக்கு இறங்குகிறேன். எல்லாம் மூடியிருக்குமே?

பதில்: வாஃபிள் ஹவுஸ். 1955இல் ஜார்ஜியாவில் தொடங்கியது, இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும். புயல் வந்தால் அது திறந்திருக்கிறதா என்று பார்த்தே பேரிடர் அதிகாரிகள் சேதத்தை மதிப்பிட்டதுண்டு. முட்டை, துருவி வறுத்த உருளைக்கிழங்கு, மேலே வெங்காயம். கல்லுக்கு எதிரே உட்காருங்கள், வேடிக்கை இலவசம். அந்த நேரத்துப் பார்பிக்யூ எதுவும் காலையில் வெந்தது, வேண்டாம்.

கேள்வி: சார்லட்டில் நல்ல தோசை எங்கே?

பதில்: அதற்கு வேறு ஆள் பாருங்கள்.

கேள்வி: டல்லாஸில் சிறந்த...

பதில்: டல்லாஸ்காரரைக் கேளுங்கள். ராலேக்காரருக்குக் காது கேட்காத தூரத்தில் கேளுங்கள். எனக்கு நாளைக் காலை ஆறு மணிக்கு ஸ்பார்டன்பர்க்கில் ஆலை, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.