கிணத்துப் பெட்டிக்கு ஒரு குட்டி அன்ரெனா

கேள்வி: அண்ணை, எங்கட கிணத்து நீர்மட்டத்தை வீட்டுக்குள்ள இருக்கிற ரிசீவருக்கு அனுப்ப ஒரு பெட்டி செய்யிறன், 433 மெகாஹேர்ட்ஸ். கால் அலைநீளக் கம்பி 17 சென்ரிமீற்றர் வருது, பெட்டியோ 6 தான். பரிணாம அல்கோரிதம் எண்டு ஒண்டு இருக்கு, கொம்பியூட்டரே அன்ரெனா செய்து தரும் எண்டு கூட்டாளி சொல்லுறான், உண்மையோ? (கோண்டாவில் வாசகர்)

பதில்: உண்மைதான் தம்பி. 2006 மார்ச்சில நாசா விட்ட எஸ்.ரி.5 எண்ட மூண்டு குட்டிச் சற்றலைற்றிலயும் அப்பிடி வந்த அன்ரெனாதான் போனது. முள்ளுக்கம்பியில ஒரு துண்டை வெட்டி நட்டுவிட்ட மாதிரிக் கிடக்கும், ஆனா வேலை செய்தது.

வீட்டில பெரியாக்களைக் கேளுங்கோ, முந்தி ரிவிக்கு ஒராள் கூரையில ஏறி அன்ரெனாவைத் திருப்ப, கீழ நிண்டு மற்றாள் "இப்ப வடிவாத் தெரியுது, விடுங்கோ விடுங்கோ" எண்டு கத்துறது. இதுவும் அதுதான், ஆனா ஒண்டில்லை, நூறு இருநூறு வளைஞ்ச கம்பியளைக் கொம்பியூட்டர் கண்டபடி உண்டாக்கி, நெக் எண்ட சிமுலேற்றர் ஒவ்வொண்டுக்கும் மார்க்ஸ் போட, நல்லதுகளைக் கலந்து, அங்கங்க ஒரு வளைவை மாத்தி, அடுத்த தலைமுறை, பிறகு அடுத்தது எண்டு போய்க்கொண்டே இருக்கும்.

முழு விசயமும் அந்த மார்க்ஸிலதான் கிடக்கு. எஸ்.ரி.5 இன்ர சுற்றுப்பாதை இடையில மாறினதால முதல் அன்ரெனா சரிவரேல்லை, மார்க்ஸ் போடுற விதத்தை மாத்தித் திரும்ப ஓடவிட்டு ஒரு மாசத்துக்குள்ள புதுசைக் கட்டிச் சோதிச்சும் போட்டினம். நீங்கள் எஸ்.டபிள்யூ.ஆர் (அன்ரெனா ஏற்காமல் எவ்வளவு பவர் திரும்பி வருது எண்டதைக் காட்டுற அளவு) குறைய வேணும் எண்டு மட்டும் கேட்டா அது குறைச்சுத் தரும், ஆனா பவர் வெளிய போகாமல் கம்பியிலயே சூடாப் போயிடும், அதால செம்பின்ர இழப்பையும் மொடலில போட்டு, எவ்வளவு வெளிய போகுது எண்டதுக்கும் மார்க்ஸ் குடுங்கோ. பற்றரி, போர்ட் எல்லாத்தையும் சேர்த்து வரையுங்கோ, அதுகளும் அன்ரெனாவின்ர பாதிதான்.

ஒண்டு, அன்ரெனா சின்னனாகச் சின்னனாக பாண்ட்வித்தும் (அது நல்லா வேலை செய்யிற அலைவரிசையளின்ர அகலம்) செயல்திறனும் ஒண்டையொண்டு தின்னும், 1948 இல சூ எண்டவர் கணக்குப் போட்டுக் காட்டின எல்லை அது, எந்த அல்கோரிதமும் அதைத் தாண்டாது. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு அலைவரிசை, அதால பாண்ட்வித்தை விட்டுக்குடுக்கலாம், பயப்பிடாதேங்கோ.

4நெக்2 எண்ட அன்ரெனா மென்பொருள் இலவசம், அதுக்குள்ளயே நான் சொன்ன இந்தப் பரிணாம முறையும் (மரபணு முறை எண்டும் சொல்லுறது) இருக்கு. முதல் சாதாரண சுருள் அன்ரெனா ஒண்டைச் செய்து அளந்து வச்சிட்டு, பிறகு அதோட ஒப்பிடுங்கோ. கம்பியைக் கொஞ்சம் நீளமா விட்டு வெட்டிக் குறைச்சுக்கொண்டு வாங்கோ. பெட்டியைக் கப்பி தொங்கிற இரும்புச் சட்டத்தோட ஒட்டிக் கட்டிப்போடாதேங்கோ.